திறக்காதே என்று நீ சொன்ன தேன்பெட்டி

புறவாசல் முருங்கை மரத்தடியிலிருந்து என் கோமதி அக்காவுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நான் நல்லா இருக்கேன் என்று எழுதினால் அது பொய். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உன் படத்துக்கு நான் ஒரு முழம் பூ வாங்கிப் போட்டதில்லை. பூ மார்க்கெட்டுக்கு நாலு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன், பிச்சிப்பூ என்றால் நீ உயிரை விடுவாய் என்று தெரியும், தெரிந்தும் வாங்கவில்லை. வேண்டுமென்றேதான் வாங்கவில்லை. எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம்.

வீட்டுக்குள் நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன். நீ மூத்த மருமகள், நான் இளையவள். அந்த மரியாதையில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் அத்தை முகம் சுருங்கிவிடும். புறவாசலுக்கு வந்துவிட்டால் நாம் வேறு ஆட்கள். இங்கே 'நீ', 'வா', 'போ'தான். அதனால்தான் வீட்டுக்குள் உட்காராமல் இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். 'நீங்க' போட்டு எழுதினால் கேட்க வேண்டியதைக் கேட்க எனக்கு வாய் வராது.

நீ முதலில் எதைக் கேட்பாயோ அதைச் சொல்லிவிடுகிறேன். கொசுத்தேனீ இருக்கிறது. ஆனிக் காற்று இந்த வருஷம் தகரத்தைப் பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிறது. பெட்டியை ஸ்டூலோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிவைத்திருக்கிறேன். வாசலில் அவை கட்டுகிற மெழுகுக் குழாய் இப்போது சுண்டுவிரல் நீளம் வந்திருக்கிறது. போன மாதம் எதிர்வீட்டில் கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். மறுநாள் பார்த்தால் குழாயின் விளிம்பெல்லாம் பச்சை. ஈரப் பெயின்டைப் பிசின் என்று நினைத்துச் சுரண்டிவந்து பூசியிருக்கின்றன. சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் காட்டலாம் என்று திரும்பினேன். அங்கே தகரத் தட்டிதான் நின்றது.

ஆமாம், நம் புறவாசலுக்கு நடுவே தட்டி வந்துவிட்டது. அண்ணன் வீடு, தம்பி வீடு என்று வாசல் இரண்டாக இருந்தாலும் இருபத்தாறு வருஷமாகப் புறவாசல் ஒன்றுதான். ஒரே கொடியில் துணி காயப்போட்டோம். ஒரே முருங்கையில் கீரை உருவினோம். அதை உன் வீட்டுக்காரர், பெரியத்தான், தகரம் அடித்து இரண்டாக்கிவிட்டார். எதற்கு என்று உனக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி இருக்காதே அக்கா. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

மீட்டர் பெட்டி நினைவிருக்கிறதா? உன் வீட்டுப் பின்சுவரில் பழைய மரப்பெட்டி, அதற்குள் கரண்டு மீட்டர். மீட்டர் மாற்ற வந்த ஆள் மூடியைத் திறந்ததும் கறுப்பாய், கொசு அளவில், ஆயிரக்கணக்கில் வெளியே வந்து அவர் முடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்தன. கொடுக்கு கிடையாது அண்ணாச்சி, ஒன்றும் செய்யாது என்று நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் கேட்கவில்லை, தலையைத் தட்டிக்கொண்டு துள்ளிப் பின்னால் போய்விட்டார். மருந்தடித்துச் சுத்தம் செய்து வையுங்கள், நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மருந்தடிக்க உனக்கு மனசு வரவில்லை. அன்று சாயங்காலம் மெயினை நிறுத்திவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நாம் இரண்டு பேரும் அந்தக் கூட்டை அப்படியே அள்ளி ஒரு மரப்பெட்டிக்கு மாற்றினோம். முட்டைக் கொத்து ஒரு பக்கம், குட்டிக் குட்டியாய்த் தேன் நிரம்பிய மெழுகுக் குடங்கள் ஒரு பக்கம். கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சோப்புக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் கழுவினோம். "அக்கா, நீ அந்தப் பக்கம் பிடி" என்று அவசரத்தில் என் வாயில் வந்துவிட்டது. அதுதான் முதல் 'நீ'. காதில் விழாத மாதிரி நீ அந்தப் பக்கம் பிடித்தாய்.

பெட்டியை அந்த மீட்டரை ஒட்டி, அதே உயரத்தில் ஸ்டூல் போட்டு வைத்தோம். கொசுத்தேனீக்குப் பெட்டி தெரியாது, இடம்தான் தெரியும் என்று நீதான் எங்கேயோ கேட்டுவந்து சொன்னாய். நாலடி தள்ளி வைத்தால்கூட, வெளியே போனது பழைய இடத்துக்கே திரும்பி வந்து சுற்றிச் சுற்றிச் செத்துப் போகும் என்றாய். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு நமக்கு அதுவே வேலை. காலையில் இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்த பிறகு பெட்டி முன்னால் வந்து நிற்போம். எறும்பு ஏறாமல் ஸ்டூல் கால்களுக்கு எண்ணெய்க் கிண்ணம் வைப்பது என் வேலை. வைகாசியில் ஒரே ஒரு தடவை தேன் எடுப்போம். ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து ஒவ்வொரு குடமாக உறிஞ்சி எடுத்தால், எல்லாம் சேர்ந்து ஒன்றரை டம்ளர் வரும். புளிப்பாய், லேசாகக் கசப்பாய், மாங்காய் ஊறின தண்ணீர் மாதிரி. தெருவே குட்டிப் பாட்டிலோடு வந்து நிற்கும். பிள்ளைக்கு இருமல், வாயில் புண் என்று ஆளாளுக்கு ஒரு காரணம்.

எனக்கு அதில் பெருமை. ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். ஒருநாள் தறிக்காரர் வீட்டு அம்மா வந்து, "சுகர் உள்ளவங்க இத சாப்பிடலாமா?" என்று கேட்டபோது, "புளிக்கிற தேன்ல சீனி எங்கன இருக்கு?" என்று சொன்னவள் நான்தான். நீ பக்கத்தில் நின்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். 

உனக்குச் சர்க்கரை என்று தெரிந்து அப்போது ஆறு மாதமோ என்னவோ. காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று மாத்திரை. மதுரையில் இருக்கும் உன் மகள் சுபா, பொறுப்பான பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டு மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லுவாள். நீயும் காட்டுவாய். எத்தனை தீர்ந்திருக்க வேண்டுமோ அத்தனை தீர்ந்திருக்கும். அந்த வைகாசியில் உன் பங்குத் தேனை நீ யாருக்கும் கொடுக்கவில்லை. தினமும் காலையில் ஒரு ஸ்பூன் குடித்தாய். அது தீர்ந்ததும் என் பங்கைக் கேட்டாய்.

நான் சும்மா கொடுக்கவில்லை அக்கா.  சுகருக்குத் தேன் ஆகாதே, டாக்டரிடம் கேட்டாயா என்று கேட்டேன். நீ என் தோளில் ஒரு இடி இடித்தாய்.

"மாத்திரை போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். இது அதுக்கு மேல ஒரு சொட்டு. நீ சும்மா கெட."

நான் சும்மா கிடந்தேன். என் பங்கு முழுவதையும் உனக்கே ஊற்றிக் கொடுத்தேன்.

இன்னொரு பெட்டி செய்து வைத்தோமே, அதற்கு வருகிறேன். கூடு பெருத்துவிட்டால் பாதியைப் பிரித்து வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். அதற்கென்று தச்சரிடம் சொல்லிச் செய்த காலிப்பெட்டி. அதற்குள் பழைய மெழுகைத் தடவி, மூடியைப் போட்டு, சுற்றி டேப் ஒட்டி நீதான் கொண்டுவந்து முதல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாய். "தெறந்துராத. மணம் போச்சுன்னா பூச்சி தங்காது" என்றாய். எனக்கு அது சரி என்றுதான் பட்டது. மெழுகு மணம் ஏறினால்தான் கூடு ஒட்டும் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்தானே. ஒன்றரை வருஷம் நான் அந்த மூடியில் கை வைக்கவில்லை. தினமும் காலையில் அதன் வாசல் ஓட்டையில் நீ விரலை விட்டுப் பார்ப்பாய். எறும்பு இருக்கா என்று பார்க்கிறாய் என நினைத்துக்கொண்டேன்.

பிறகு உன் காலில் செருப்பு கடித்தது. மஞ்சள் பூசினாய். புண் காய்ந்துகொண்டு வருகிறது என்றாய். காய்ந்துகொண்டு வரவில்லை. கார்த்திகைக் கடைசியில் பாதம் கறுத்து, ஜுரம் கண்டு, திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். நான் வேனில் உன் தலையை மடியில் வைத்திருந்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, பெட்டி ஸ்டூலுக்கு எண்ணெய் ஊற்றினாயா என்றுதான் கேட்டாய். மார்கழி பிறந்து நாலாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர் எல்லாம் உன் வீட்டு முன்கூடத்தில், பட்டாசாலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வந்தேன். நான் தட்டை நீட்டிய நேரத்தில் நம் நாத்தனார் சுபாவைப் பார்த்து, படித்த பிள்ளை நீ இருந்தும் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்றார். சுபா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கு முதல் தடவை தலை பின்னிவிட்டது நான்.

"சித்திதான் அம்மாவ மாத்திரைய நிறுத்தச் சொன்னாங்க. கொசுத்தேன் போதும்னு சொன்னாங்களாம். அம்மாவே எங்கிட்ட சொன்னா."

 பெரியத்தான் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் என் முதுகில் இருக்கிறது. நான் என்ன சொல்ல முடியும்? நான் சொல்லவில்லை என்றால் நீ பொய் சொன்னாய் என்று அர்த்தம். உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது, பதினாறாம் நாள், செத்தவளைப் பொய்க்காரி என்று நம் பக்கத்தில் எவளாவது வாய் திறப்பாளா? தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வந்ததையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளே பெரியத்தான் தட்டி அடிக்க ஆள் சொன்னார். தேனீப்பெட்டியை எடுத்துவிடச் சொல்லி என் வீட்டுக்காரரிடம், உன் கொழுந்தனிடம், சொல்லி அனுப்பினார். என்னிடம் நேராகப் பேசவில்லை. பெட்டியை உடனே தூக்கி வந்தால் பாதித் தேனீ உன் சுவரில் மோதிச் சாகும். தை கடைசி வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் உன் பக்கம் போய் ஸ்டூலை ஒரு சாண் நகர்த்திவைப்பேன். அன்றைக்கு ஒரு சாண். மறுநாள் ஒரு சாண். பெரியத்தான் பின்வாசல் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.  ஒரு மாதம் அப்படி நகர்த்தித்தான் உன் சுவரிலிருந்து என் சுவருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். காலிப்பெட்டியையும் கூடவே எடுத்து வந்தேன். அதற்கு மறுநாள்தான் தட்டி ஏறியது.

தெருவில் பேச்சு மாறிவிட்டது. இந்த வைகாசியில் பாட்டிலோடு ஒருத்தரும் வரவில்லை. தறிக்காரர் வீட்டு அம்மா என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்கிறாள். கீரை விற்கிறவள்கூடக் கேட்டுவிட்டாள், நீங்கதானே அந்தத் தேன் கொடுத்த அம்மா என்று. உன் கொழுந்தன் நல்ல மனுஷன், நம்புகிறார். ஆனாலும் பெட்டியை எங்கேயாவது தோட்டத்துக்காரர்களுக்குக் கொடுத்துத் தொலை என்கிறார். இத்தனைக்கும் காரணம் நீ என் பேரைச் சொன்னது. ஏன் சொன்னாய் அக்கா? மகளுக்குப் பயந்தா? உனக்கு வேறு பேர் கிடைக்கவில்லையா?

மாசியில் கூடு பெருத்துவிட்டது. தேனீ பெட்டிக்கு வெளியே கொத்தாய்த் தொங்கியது. பிரித்தே ஆக வேண்டும் என்று காலிப்பெட்டியை எடுத்து, டேப்பை உரித்து, மூடியைத் திறந்தேன்.

உள்ளே மாத்திரை. வெள்ளையும் இளமஞ்சளுமாய், அடிப்பலகை தெரியாமல். சில ஊறி மாவாகி மெழுகோடு ஒட்டிப்போயிருந்தன. வாசல் ஓட்டைக்கு நேர் கீழே குவியலாய்க் கிடந்தன. நான் எண்ணவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மகள் கேட்டால் காட்ட அட்டை காலியாக இருக்க வேண்டும். குப்பையில் போட்டால் பெரியத்தான் கண்ணில் படும். அதனால் இங்கே. நான் எண்ணெய்க் கிண்ணத்துக்குக் குனிந்திருக்கும்போது, என் தலைக்கு மேல், என் கண் முன்னாலேயே. எந்தப் பெட்டியை நான் திறக்கவே மாட்டேன் என்று உனக்குத் தெரியுமோ, அந்தப் பெட்டியில். தேனீ வளர்க்கிற நம் முறையை வைத்தே என்னை ஏமாற்றிவிட்டாய். வேறு யாரும் ஏமாற்றியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன். நாலு மாதமாக அது அங்கே இருக்கிறது. சுபாவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. பெரியத்தானிடம் காட்டலாம் என்று இரண்டு தடவை கீழே இறக்கினேன். அவர் மெலிந்து, சட்டை தோளில் நிற்காமல் நடக்கிறதைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றிவிட்டேன். போனவளைப் பற்றி எதற்கு, விடு என்கிறார் உன் கொழுந்தன். எனக்கு விட முடியவில்லை. எனக்கு என் பேர் வேண்டும் அக்கா.

கோவில் திருவிழாவுக்கு, ஆடித்தபசுக்கு, சுபா வருகிறாளாம். அன்றைக்கு அந்தப் பெட்டியை அவள் முன்னால் கொண்டுபோய் வைக்கப்போகிறேன். நீ என்னைக் கோபித்துக்கொண்டாலும் சரி.

அக்கா, மேலே உள்ளதை எழுதி நோட்டை மூடிவைத்துவிட்டேன். இப்போது எழுதுவது தபசு கழிந்து ஒன்பதாம் நாள்.

ஊரே ரதவீதியில் நின்றது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோவில் வரை தலைதான் தெரிந்தது என்றார்கள். துக்க வருஷம் என்பதால் நம் இரண்டு வீடும் போகவில்லை. பெரியத்தான் மாத்திரை போட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தார். நான் பெட்டியைத் துண்டு போட்டு மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு, புறவாசலில் வழி இல்லாததால் தெருவைச் சுற்றிப் போய் உன் வீட்டு முன்கதவைத் தட்டினேன்.

சுபாதான் திறந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பட்டாசாலை நடுவில் பெட்டியை வைத்து மூடியை எடுத்தேன். உன் அம்மா என் பேரைச் சொன்னாள், ஆனால் அவள் செய்தது இது, நீயே பார் என்றேன். குரலை உயர்த்தவில்லை. உள்ளே மனுஷன் தூங்குகிறார்.

அவள் குனிந்து பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் சித்தி. எங்கன போட்டான்னுதான் தெரியாது."

"என்னட்டி தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே அம்மா எங்கிட்ட சொல்லிட்டா. ஒன்றரை வருஷமா மாத்திரை போடலன்னு. வயித்தப் புரட்டுது, அவளப் பெத்த ஆச்சிக்கும் மாத்திரை தின்னுதான் கிட்னி போச்சுன்னு சொன்னா."

நான் நின்றுகொண்டேதான் இருந்தேன். அப்புறம் எதற்கு என் பேரைச் சொன்னாள் உன் அம்மா என்று கேட்டேன். சுபா முகத்தை மூடிக்கொண்டாள். 

"அம்மா உங்க பேரச் சொல்லல சித்தி. நான்தான் சொன்னேன்."

 அவள் பேசப் பேசத்தான் ஒவ்வொன்றாய் விளங்கியது. வாராவாரம் அட்டையைப் பார்த்தவள் அவள். பார்த்துச் சரி என்று சொன்னவள் அவள். நம் நாத்தனார் அப்படிக் கேட்டதும் எல்லார் கண்ணும் அவள் மேல் திரும்பியது. பெரியத்தான் கண்ணும்தான். அந்த நேரம் நான் தட்டோடு எதிரில் நின்றேன். வாயில் என் பேர் வந்துவிட்டதாம். வந்த பிறகு எடுக்க முடியவில்லையாம். நீங்க ஏதாவது பேசுவீங்க, சண்டை போடுவீங்க, அப்போ உண்மையைச் சொல்லிரலாம்னு பாத்தேன், நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க சித்தி என்று சொல்லி அழுதாள்.

எப்படி இருக்கிறது பார். நான் உனக்காக வாயை மூடினேன். அவள் அதற்குள் ஒளிந்துகொண்டாள்.

அழுகிற பிள்ளையைத் தூக்கி அணைக்கிற கைதான் என் கை. அன்றைக்கு அது எழும்பவில்லை. இன்னும் எழும்பவில்லை. என் போனை ஏழு மாதம் எடுக்காமல் இருந்தவள் அவள். தட்டி அடித்தபோது தடுக்காமல் இருந்தவள் அவள். ஒவ்வொரு சாணாக நான் பெட்டியை நகர்த்தியதை அவள் அப்பா போனில் சொல்லியிருக்கிறார்; கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாள். நீயாவது மறைக்க மட்டும்தான் செய்தாய். அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள்.

இப்போ நான் என்ன செய்யணும் சித்தி என்று கேட்டாள்.

"எங்கன வச்சுச் சொன்னியோ அங்கனயே வச்சு மாத்திச் சொல்லு. வருஷத் திதிக்கு எல்லாரும் வருவாங்க."

"அப்பா தாங்குவாங்களா?"

"நான் தாங்கினேம்லா."

 நான் பெட்டியை மூடினேன். கதவு வரை வந்துவிட்டேன். அப்போது பின்னால் இருந்து சொன்னாள்.

"அம்மா கடைசியா உங்களப் பத்தி ஒண்ணுதான் சொன்னா. 'சித்திகிட்ட மட்டும் சொல்லிராத, என்னைத் திட்டுவா'ன்னா."

ஒன்பது நாளாக இந்த ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை, படுக்கவிடவில்லை. ஏழு மாதம் நீ செய்யாத ஒன்றுக்காக உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள். நேற்றுப் போய் உனக்குப் பிச்சிப்பூ வாங்கினேன். பெரியத்தானிடம் கொடுக்க முடியாமல், என் வீட்டு அடுக்களையில் இருக்கிற நம் இரண்டு பேர் படத்தில் உன் பக்கம் மட்டும் வைத்தேன்.

ஆனால் நீ செய்ததற்கு? அதை நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன், பேனா நகரவில்லை. புளிக்கிற தேனில் சீனி எங்கே என்று நான் அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேனே, அதைப் பிடித்துக்கொண்டுதான் மாத்திரையை விட்டாயா? இல்லை, ஏற்கெனவே விட்டுவிட்டு, என் பேச்சில் ஒரு தைரியம் தேடினாயா? எதுவாக இருந்தாலும் அந்த ஸ்பூனை ஊற்றிய கை என்னுடையது. அதை என் கையால் ஊற்ற வைத்தது நீ. இதை யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

ஊர் என்னைக் கேட்டால் அந்தத் தேன் நல்லது என்றும் சொல்ல மாட்டேன், கெட்டது என்றும் சொல்ல மாட்டேன். மாத்திரையை விடாதே என்று மட்டும் சொல்லுவேன். பாட்டிலோடு யாராவது திரும்ப வந்தால் முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் சொட்டு ஊற்றுவேன்.

சத்தியமாகச் சொல்லுகிறேன் அக்கா, கேட்டுக்கொள். மார்கழியில் உன் வருஷத் திதி. அதே பட்டாசாலை, அதே ஆட்கள். சுபாவுக்கு நேரம் கொடுப்பேன். இலை போடுகிற வரைக்கும் பொறுப்பேன். அவள் வாய் திறந்தால் என் கை அவளுக்காக எழும்பினாலும் எழும்பும். திறக்காவிட்டால் நான் திறப்பேன். உன் படத்துக்கு முன்னால், உன் விளக்குக்கு முன்னால், நீ மறைத்ததையும் அவள் சொன்னதையும் நான் உளறியதையும் ஒன்று விடாமல் சொல்லுவேன். இந்தத் தடவை எழுந்து வரமாட்டேன்.

நான் திட்டுவேன் என்று பயந்தாயாமே. ஆமாம், திட்டியிருப்பேன். இந்தப் புறவாசலில் நிற்க வைத்து, தெருவுக்கே கேட்க, ஒரு மணி நேரம் திட்டியிருப்பேன். பிறகு மூஞ்சியைக் கழுவிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, உன் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பேன். வயிற்றைப் புரட்டாத வேறு மாத்திரை எழுதித் தரச் சொல்லி, அவரையும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு மணி நேரம், அவ்வளவுதான் அக்கா. அதைத் தாங்க மாட்டாமலா செத்துப்போனாய்?

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமை இருந்தும் அதற்கு வழி இல்லாமல் போன
உன் கொழுந்தன் பெண்டாட்டி, உன் தங்கச்சி
வேலம்மாள்